நல்லாத்தானே இருக்கே?

தங்கச்சி, உனக்கு ஆட்டிசம் இருக்குமோ என்ற சந்தேகம் எப்படி வந்தது என்று நான் கேட்கப்போவதில்லை. பிள்ளையைத் தெரபி சென்டருக்குக் கூட்டிப்போன இடத்தில் படிவத்தை நிரப்பும்போது, "இதெல்லாம் எனக்கும் உண்டே" என்று பேனா நின்றிருக்கலாம். எத்தனையோ அம்மாக்களுக்கு அப்படித்தான் தெரியவருகிறது. இல்லாவிட்டால் கல்யாணமாகிப் புது வீட்டுக்குப் போனபின், மற்றவர்கள் சாதாரணமாகச் செய்வதெல்லாம் உன்னை மட்டும் ஏன் இப்படி அடித்துப் போடுகிறது என்று யோசித்திருப்பாய். எப்படி வந்த சந்தேகமாக இருந்தாலும், இனி அதைத் தெரிந்துகொள்ளும் வேலையைப் பார்ப்போம்.

முதலில் ஒன்றை மனதில் போட்டுக்கொள். ஆட்டிசத்துக்கு ரத்தப் பரிசோதனை கிடையாது, ஸ்கேன் கிடையாது. நீ சொல்வது, உன்னைச் சின்ன வயதில் பார்த்தவர்கள் சொல்வது, எதிரே உட்கார்ந்திருப்பவர் கவனிப்பது, இவைதான் ஆதாரம். வளர்ந்த பெண்கள் அந்த ஆதாரத்தை மறைப்பதில் பல வருடப் பயிற்சி பெற்றவர்கள். அதனால் போவதற்கு முன்னால் தயாராக வேண்டும்.

நானும் 38 வயதில் இதற்காக அலைந்தவள்தான். முதலில் பார்த்தவர் கால் மணி நேரத்தில் முடித்துவிட்டார். "வேலைக்குப் போறீங்க, கல்யாணம் ஆயிடுச்சு, என் முகத்தைப் பார்த்துத்தானே பேசுறீங்க? நல்லாத்தானே இருக்கீங்க?" அவர் பார்த்ததெல்லாம் உண்மைதான். அப்படிப் பேசிவிட்டு வீட்டுக்கு வந்து இருட்டறையில் படுத்துக் கிடந்ததை அவர் பார்க்கவில்லை, நானும் அவர் கையில் எடுத்துக் கொடுக்கவில்லை. உன் விஷயத்தில் அப்படி ஆகவேண்டாம்.

பெண்கள் ஏன் விடுபட்டுப் போகிறார்கள்?

1943இல் அமெரிக்காவில் லியோ கேனர் ஆட்டிசத்தை விவரித்து எழுதியபோது அவர் பார்த்த 11 குழந்தைகளில் 8 பேர் பையன்கள். அடுத்த வருடம் வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் விவரித்தது முழுக்கப் பையன்களைத்தான். இவர்களுக்கு முன்பே, 1920களில், ரஷ்யாவில் குரூன்யா சுகரேவா என்ற பெண் மருத்துவர் பையன்களைப் பற்றியும் பெண்பிள்ளைகளைப் பற்றியும் எழுதிவிட்டார். அதை உலகம் திரும்பிப் பார்க்கப் பல பத்தாண்டுகள் பிடித்தன. அதற்குள் கேள்விகள், அளவுகோல்கள் எல்லாம் பையன்களைப் பார்த்துப் பார்த்தே உருவாகிவிட்டன.

நம்மூரில் இதற்கு மேல் இன்னொரு திரை. பையன் முகம் பார்த்துப் பேசவில்லை என்றால் வீடு கவலைப்படும். பெண் நிமிர்ந்து பார்க்காவிட்டால் "எவ்வளவு அடக்கம்!" என்பார்கள். இடைவேளையில் யாரோடும் சேராமல் படியில் உட்கார்ந்திருக்கும் பெண் "தான் உண்டு, தன் படிப்பு உண்டுன்னு இருப்பா" என்று பேர் வாங்குவாள். பையன் ரயில் அட்டவணையை மனப்பாடமாக ஒப்பித்தால் வித்தியாசமாகப் பார்ப்பார்கள். பொன்னியின் செல்வனின் ஐந்து பாகத்தையும் திரும்பத் திரும்பப் படித்து, சோழர் வம்சாவளியை விரல்நுனியில் வைத்திருக்கும் பெண் "புத்தகப்புழு" என்ற பாராட்டோடு தப்பிவிடுவாள். கொஞ்சம் பெரியவளானதும் பாராட்டு மாறும்: திமிர் பிடிச்சவ, அழுத்தக்காரி, யாரோடயும் ஒட்டமாட்டா.

இப்படி மறைந்துபோனதையே நீ ஆதாரமாக வைத்துக்கொள்ளலாம். மனநல மருத்துவர்கள் பின்பற்றும் டி.எஸ்.எம் கையேட்டின் 2013ஆம் வருடப் பதிப்பு இதற்கு இடம் கொடுக்கிறது. அறிகுறிகள் சிறுவயதிலிருந்தே இருந்திருக்க வேண்டும். ஆனால் சமூகம் கேட்பது அந்த மனிதரின் சக்தியைத் தாண்டும்வரை அவை முழுசாக வெளியே தெரியாமல் இருக்கலாம், பழகிக்கொண்ட உத்திகளால் மறைந்தும் இருக்கலாம் என்பதே அதன் சாரம். ஆட்டிசமும் ஏ.டி.ஹெச்.டி என்ற கவனக்குறைபாடும் ஒரே ஆளுக்குச் சேர்ந்திருக்கலாம் என்று ஒப்புக்கொண்டதும் அந்தப் பதிப்புதான். அதற்கு முந்தையதில் ஒன்று இருந்தால் மற்றொன்றைச் சொல்லக்கூடாது.

ஒரு நோட்டு வாங்கு

செலவில்லாத, ஆனால் நேரம் பிடிக்கிற வேலை இது. எழுதும்போது "எனக்குக் கூட்டம் பிடிக்காது" என்று எழுதாதே. கூட்டம் யாருக்குத்தான் பிடிக்கிறது என்று கேட்டுவிடுவார்கள். நடந்ததை எழுது, அதன்பின் உனக்கு என்ன ஆனது என்பதையும் எழுது. "நாத்தனார் கல்யாணம். மேளம், மைக், ஜெனரேட்டர் சத்தம், மல்லிகை வாசனை, ஜரிகை இடுப்பில் உரசியது. வந்தவர்களிடம் கேட்க நாலு கேள்வி முன்னாலேயே தயார் செய்து வைத்திருந்தேன்: எப்போ வந்தீங்க, சாப்பிட்டீங்களா, பசங்க என்ன படிக்கிறாங்க, எங்க தங்கியிருக்கீங்க. எல்லாரும் 'கலகலன்னு பேசுறா' என்றார்கள். நடுவில் பாத்ரூமில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். அடுத்த ரெண்டு நாள் வாய் திறந்து பேச முடியவில்லை." இப்படி எழுதினால் படிப்பவருக்கு ஒரு நிமிடத்தில் விளங்கும்.

இதில் அந்த நாலு கேள்விதான் முக்கியமான வரி. மற்றவர்களுக்குத் தானாக வருவதை நீ எப்படி ஒப்பேற்றுகிறாய் என்பதை எழுதாமல் விட்டால் ஒன்றும் தெரியாது. சீரியல் பார்த்து முகபாவம் பழகினாயா? தோழியின் பேச்சை, சிரிப்பை அப்படியே காப்பி அடித்தாயா? போன் செய்வதற்கு முன் பேசவேண்டியதைத் தாளில் எழுதி வைத்துக்கொள்கிறாயா? ஆபீஸில் மத்தியானம் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் நேரத்தில் ஏதாவது வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருகிறாயா? எழுது.

புலன் சம்பந்தமானவற்றைத் தனியாக எழுது. குக்கர் விசில், மிக்ஸி, டியூப்லைட்டின் ரீங்காரம், ஜாக்கெட்டின் உள்தையல், தலையில் வைத்த ஹேர்பின், குழைந்த சாதம், பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் தோள் படுவது. ஒழுங்கு குலையும்போது என்ன ஆகிறது என்பதையும் எழுது. சொல்லாமல் விருந்தாளி வந்தால் எரிச்சல் வருவது எல்லாருக்கும் உண்டு. உனக்கு அன்று முழுக்க வேறு எந்த வேலையும் ஓடாது என்றால் அது வேறு. விரலைச் சொடுக்குவது, புடவை முந்தியைத் திருகுவது, ஒரே பாட்டை நாள் முழுக்கக் கேட்பது என்று உடம்பு தானாகச் செய்து நிம்மதி தேடுபவையும் இதில் சேரும்.

கல்யாணத்துக்கு முன், பின் என்று பிரித்து எழுதினால் பல பெண்களுக்குப் படம் சட்டென்று தெளிவாகும். அம்மா வீட்டில் அதே டம்ளர், அதே ஜன்னலோரம், அதே பஸ் என்று இருந்த ஒழுங்குதான் உன்னைத் தாங்கியிருக்கும். புகுந்த வீட்டில் ஒரே நாளில் எல்லாம் மாறும்: சமையலறை வாசனை, படுக்கை, யார் எப்போது கதவைத் தட்டுவார்கள் என்பது. பிரசவத்துக்குப் பின் தூக்கமும் போய், குழந்தை அழுகையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். அங்கே சரிந்தவளைப் பார்த்து "அட்ஜஸ்ட் பண்ணத் தெரியல" என்றிருப்பார்கள். எப்போது சரிந்தாய், அதுவரை எதைப் பிடித்துக்கொண்டு நின்றாய், ரெண்டையும் எழுது.

எல்லாம் எழுதியபின் ரெண்டு பக்கமாகச் சுருக்கித் தனித்தாளில் எடு. நோட்டு உனக்கு, தாள் மருத்துவருக்கு. அங்கே போனதும் வாய் கட்டிக்கொண்டால் தாளை நீட்டிவிடலாம்.

இணையத்தில் கிடைக்கும் கேள்வித்தாள்கள் பற்றி ஒரு வார்த்தை. ஏ.க்யூ 50 கேள்வி, ராட்ஸ்-ஆர் 80 கேள்வி; மறைத்து வாழ்வதை அளக்க கேட்-க்யூ என்று 25 கேள்வி. போட்டுப்பார், மதிப்பெண்ணைத் தாளின் ஓரத்தில் குறித்துக்கொள். அதையே முடிவாக எடுத்துக்கொள்ளாதே. பதற்றம், மனச்சோர்வு இருப்பவர்களுக்கும் அதில் மதிப்பெண் ஏறும்.

அம்மாவிடம் எப்படிக் கேட்பது?

சின்ன வயதில் எப்படி இருந்தாய் என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். பெரும்பாலும் அது அம்மா. அவரிடம் "ஆட்டிசம்" என்ற பேச்சோடு ஆரம்பிக்காதே. "நான் வளர்த்ததுல என்ன குறை?" என்றுதான் அவருக்குக் கேட்கும். அப்படிப் பயப்பட அவருக்குக் காரணமும் உண்டு. 1950கள், 60களில் படித்த மருத்துவர்களே, தாய் பாசம் காட்டாததால்தான் பிள்ளைக்கு ஆட்டிசம் வருகிறது என்று எழுதினார்கள். அது சுத்தப் பொய் என்று எப்போதோ தெரிந்துவிட்டது. மூளை வளர்ந்த விதம் அது, பரம்பரைக்கும் அதில் பெரிய பங்கு உண்டு. பின்னால் சமயம் வரும்போது இதைச் சொல்லி அவர் மனதை ஆற்று.

முதலில் பீன்ஸ் நறுக்கும்போதோ துணி மடிக்கும்போதோ பக்கத்தில் உட்கார். கைக்கு வேலை இருந்தால் அம்மாக்களுக்குப் பேச்சு வரும். உனக்கும் முகத்தைப் பார்த்தே ஆகவேண்டும் என்ற தொல்லை இல்லை. கதை கேட்பதுபோல் கேள். நான் எப்போ பேச ஆரம்பிச்சேன்? எல்.கே.ஜி சேர்த்த அன்னைக்கு என்ன பண்ணினேன்? தலை வாரும்போது அழுவேனா? சொந்தக்காரங்க தூக்கினா என்ன செய்வேன்? என்னென்ன சாப்பிட மாட்டேன்னு அடம் பிடிச்சேன்? யார்கூட விளையாடினேன், எப்படி? பொம்மையை வரிசையா அடுக்குவேனா, இல்ல அதை வச்சு வீட்டு விளையாட்டு விளையாடுவேனா?

"நீ வித்தியாசமா இருந்தியான்னா? அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்று முடித்துவிட்டு, அடுத்த மூச்சிலேயே "ஆனா அந்த மஞ்சக் கவுனைத் தவிர வேற எதையும் போடவிடமாட்டே, அது கிழியற வரைக்கும்" என்பார். உனக்கு வேண்டியது அந்த ரெண்டாவது வாக்கியம். "எல்லாப் பிள்ளையும் அப்படித்தான், உங்க பெரியப்பாவும் அப்படித்தான்" என்றாலும் குறித்துக்கொள். அந்தப் பெரியப்பாவுக்கும் உனக்கும் ஒரே கதையாக இருக்கலாம்.

அம்மா இல்லையென்றால், அல்லது அவரிடம் கேட்கவே முடியாத நிலை என்றால், சித்தி, அத்தை, அண்ணன், ஒன்றாம் வகுப்புத் தோழி யாரானாலும் சரி. ஆசிரியர் ஏதாவது எழுதியிருக்கும் பழைய ரேங்க் கார்டு, குழு போட்டோவில் நீ நிற்கும் விதம், ஆட்டோகிராஃப் புத்தகம், இவையும் சாட்சிதான். இவை ஒன்றுமே இல்லாமலும் நல்ல மருத்துவர்கள் மதிப்பிடுவார்கள். கொஞ்சம் அதிக நேரம் எடுக்கும், அவ்வளவுதான்.

யாரிடம் போவது?

ரெண்டு வகை ஆட்கள். ஒருவர் மனநல மருத்துவர், அதாவது சைக்கியாட்ரிஸ்ட். மற்றவர் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். இவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில், அதாவது ஆர்.சி.ஐயில் பதிவு செய்தவராக இருக்கவேண்டும். பதிவு எண்ணைக் கேட்பதில் கூச்சமே வேண்டாம். கவுன்சிலர் என்று போர்டு வைத்திருப்பவர் ஆறுதலாகப் பேசலாம், நோய் கண்டறிந்து எழுதித்தர அவருக்குத் தகுதி இல்லை. குழந்தைகள் வளர்ச்சி மையங்கள் பலவற்றில் பெரியவர்களைப் பார்ப்பதில்லை. மாவட்ட அரசு மருத்துவமனைகளில் இருக்கும் ஆரம்பநிலை இடையீட்டு மையமும் 18 வயது வரைக்கும்தான்.

அரசு பக்கம் என்றால் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவு, பெங்களூரு நிம்ஹான்ஸ், சென்னைக்குப் பக்கத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் இருக்கும் நீப்மெட் என்ற மத்திய அரசு நிறுவனம் ஆகியவற்றில் விசாரி. செலவு குறைவு, காத்திருப்பு அதிகம்.

தனியாரிடம் போவதானால் அப்பாயின்ட்மென்ட் போடும் முன்னால் இதையெல்லாம் கேட்டுவிடு: பெரியவர்களுக்கு ஆட்டிசம் மதிப்பீடு செய்வீர்களா, பெண்களைப் பார்த்த அனுபவம் உண்டா, எத்தனை முறை வரவேண்டும், மொத்தம் எவ்வளவு ஆகும், என்னென்ன டெஸ்ட், எழுத்தில் ரிப்போர்ட் தருவீர்களா, வீட்டார் யாரும் வராவிட்டாலும் பரவாயில்லையா? போனில் கேட்க வரவில்லை என்றால் வாட்ஸப்பில் ஒரே மெசேஜாக அனுப்பு. பதிலே போடாத இடத்தை விட்டுவிடு. "பெரியவங்களுக்கு ஆட்டிசம் வராதே மேடம்" என்று பதில் வந்தால், அங்கே போகவேண்டாம் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள்.

மூளை ஸ்கேனில் ஆட்டிசம் கண்டுபிடிக்கிறோம், ஸ்டெம் செல் ஊசியில் குணப்படுத்துகிறோம் என்பவர்கள் வாசலையே மிதிக்காதே. ஆட்டிசத்தைப் போக்கும் மருந்து எதுவும் இல்லை. போக்கவேண்டும் என்று நான் நினைக்கவுமில்லை, அது வேறு கதை.

உள்ளே போனபின்

நன்றாக இருப்பதாகக் காட்டிக்கொள்ளும் பழக்கம் சும்மா இருக்காது. இஸ்திரி போட்ட சுடிதார், சிரித்த முகம், "எனக்கொண்ணும் பெரிய பிரச்சினையில்ல டாக்டர்" என்ற முன்னுரையோடு போவாய். முகமெல்லாம் மேக்கப் போட்டுக்கொண்டு தோல் டாக்டரிடம் போய் உட்காரும் கதைதான் அது. உறுத்தாத பழைய துணியைப் போட்டுக்கொண்டு போ. லைட் கண்ணைக் கூசினால் சொல். சுவரைப் பார்த்துப் பேசுவது சுலபம் என்றால் சுவரைப் பார்த்தே பேசு. கை எதையாவது உருட்டிக்கொண்டிருக்கட்டும். கேள்வி புரியாவிட்டால் எந்த அர்த்தத்தில் கேட்கிறீர்கள் என்று கேள். இல்லாததைக் கூட்டிக் காட்டாதே, இருப்பதை அமுக்காதே. "இப்பவும் உங்க முகத்தைப் பார்க்கணும், பார்க்கணும்னு எனக்கு நானே சொல்லிட்டிருக்கேன்" என்று ஒரு வாக்கியம் வாய்விட்டுச் சொன்னால், வெளியே தெரியாதது மேஜைக்கு வந்துவிடும்.

சில இடங்களில் ஏடாஸ் என்ற சோதனை செய்வார்கள். வார்த்தையில்லாத படப்புத்தகத்தைப் பார்த்துக் கதை சொல்லச் சொல்வார்கள், சில பொருட்களைக் கொடுத்து அதை வைத்து ஒரு கதை கட்டச் சொல்வார்கள், நட்பு, தனிமை பற்றிப் பேச்சுக் கொடுப்பார்கள். சின்னப்பிள்ளை விளையாட்டாகத் தோன்றும், அசராதே. மறைத்துப் பழகிய பெண்கள் இதில் அகப்படாமல் போவதுண்டு. அதனால்தான் உன் நோட்டும் அம்மாவின் கதைகளும் பக்கத்தில் வேண்டும்.

ஏற்கெனவே மனச்சோர்வு, பதற்றம், ஓ.சி.டி, பைபோலார், பார்டர்லைன் என்று ஏதாவது பெயர் எழுதிய சீட்டு உன்னிடம் இருந்தால் எல்லாவற்றையும் எடுத்துப்போ. அவையும் உண்மையாக இருக்கலாம், அடியில் ஆட்டிசமும் இருக்கலாம். புதிதாக ஒரு பெயர் கிடைத்துவிட்டது என்று சாப்பிடும் மாத்திரையை நீயாக நிறுத்திவிடாதே. சோர்வுக்குத் தைராய்டு, ரத்தசோகை காரணமா என்பதையும் பார்த்துவிடு. இந்த அலைச்சலுக்கு நடுவில் உயிரை விட்டுவிடலாம் என்று எப்போதாவது தோன்றினால் 14416க்குப் போன் போடு. டெலி மானஸ், அரசு உதவி எண், இரவு பகல் எப்போதும் உண்டு, தமிழில் பேசலாம்.

"இல்லை" என்று சொன்னால் ஏன் இல்லை, வேறு என்ன என்று கேள். எதை வைத்துச் சொல்கிறார் என்று விளக்கினால் யோசித்துப் பார். "நல்லாத்தானே இருக்கீங்க" என்பது மட்டும்தான் காரணம் என்றால் இன்னொருவரைப் பார். "ஆமாம்" என்று சொன்னால் கொஞ்ச நாள் அழுகையும் நிம்மதியும் மாறி மாறி வரும். 2009இல் ஒரு திறமைப் போட்டியில் பாடி உலகப்புகழ் பெற்றாரே ஸ்காட்லாந்துப் பாடகி சூசன் பாயில், அவருக்கு 50 வயது கடந்தபின்தான் தெரிந்தது. பிறக்கும்போது மூளையில் பாதிப்பு என்று சின்ன வயதிலிருந்து சொல்லப்பட்டவர். உண்மை தெரிந்ததில் நிம்மதி என்று 2013இல் வெளிப்படையாகச் சொன்னார்.

ரிப்போர்ட் வேறு, சான்றிதழ் வேறு

இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். மருத்துவர் தரும் ரிப்போர்ட், உனக்கு ஆட்டிசம் உண்டு என்று சொல்லும். அரசு சலுகைகளுக்கு அது போதாது, மாற்றுத்திறனாளி சான்றிதழ் வேண்டும். 2016ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 குறைபாடுகளில் ஆட்டிசமும் ஒன்று. அந்தச் சான்றிதழுக்கும் யூ.டி.ஐ.டி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் மத்திய அரசின் ஸ்வாவலம்பன் தளத்தில் விண்ணப்பித்தால் அரசு மருத்துவமனையில் மருத்துவக் குழு முன் வரச்சொல்வார்கள். அங்கே ஐசா என்ற இந்திய அளவுகோலில் 40 அம்சங்களுக்கு மதிப்பெண் போடுவார்கள். 70க்குக் கீழே வந்தால் ஆட்டிசம் இல்லை என்பது கணக்கு. நன்றாகப் பேசுகிற, வேலை பார்க்கிற பெண்ணுக்கு அந்த அளவுகோலில் மதிப்பெண் குறைவாக விழ வாய்ப்பு அதிகம். இடஒதுக்கீடு போன்றவற்றுக்குக் குறைபாடு 40 சதவீதமாவது என்று சான்றிதழில் இருக்கவேண்டும். சான்றிதழ் கிடைக்கவில்லை என்பதால் உன் ரிப்போர்ட் பொய்யாகிவிடாது. வேலைவாய்ப்பு, வருமான வரிக் கழிவு என்று உனக்கு அது நிஜமாகவே உதவுமா என்று பார்த்துவிட்டு அலை.

யாரிடம் சொல்வது என்பது உன் இஷ்டம். மருத்துவர் உன் அனுமதியில்லாமல் கணவரிடமோ மாமியாரிடமோ சொல்லக்கூடாது. 2017ஆம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டம் அந்த ரகசியத்துக்கும், உன் மருத்துவப் பதிவுகளை நீ கேட்டு வாங்குவதற்கும் உரிமை தருகிறது. ஆபீஸில் பெயரைச் சொல்லாமலேயே தேவையைக் கேட்கலாம்: ஏசிக்குக் கீழே இல்லாத சீட், ஹெட்போன், வாய்மொழிக்குப் பதில் மெயிலில் வேலை. சித்தப்பா, பெரியம்மா, வாட்ஸப் குடும்பக் குழு யாருக்கும் தெரியவேண்டிய அவசியமில்லை. ஆனால் வரன் பார்த்துக்கொண்டிருக்கிறாய் என்றால், அந்த ஒருவரிடம் நிச்சயத்துக்கு முன் நீயே நேராகச் சொல்லிவிடு. புரோக்கர் வழியாகப் போகவேண்டிய செய்தி அல்ல இது. அம்மா "வாயைத் திறக்காதே" என்பார். இந்த ஒரு விஷயத்தில் அம்மா பேச்சைக் கேட்கவேண்டாம் என்பது என் கட்சி.

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் அங்கேயே நின்று சரிபார்: ஆதாரில் உள்ளபடி பெயர், பிறந்த தேதி, என்னென்ன சோதனை, முடிவு என்ன என்று தெளிவான ஒரு வரி, கையெழுத்து, பதிவு எண், முத்திரை. போனில் ஸ்கேன் செய்து வைத்துக்கொள், நாலைந்து நகல் எடு. நம் வீட்டு வழக்கப்படி அப்பா அதை லேமினேட் செய்யக் கொண்டு போவார். விடாதே. பின்னால் எந்த ஆபீஸரும் அதன்மேல் சீல் குத்த முடியாது.